ஐந்து பேருக்கு ஒரு தராசு

சந்தை நாளில் என் வண்டிக்கு நேரத்துக்கு வந்து நின்றவர் என்று ஒருவரையும் சொல்ல முடியாது. புதுச்சத்திரத்திலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். விடிவதற்குக் கொஞ்சம் முன்னால் கோயில் முக்கில் குட்டியானை வண்டியை நிறுத்தி ஹாரன் அடித்தால் முதலில் நாய் வரும், பிறகு கூடை வரும், அதற்கும் பிறகுதான் ஆள் வரும். "வாரேன் வாரேன்" என்ற குரல் மட்டும் எல்லாவற்றுக்கும் முன்னால் வந்துவிடும். எனக்குப் பொறுமை குறைவு, கத்துவேன். அந்த ஐந்து பெண்களும் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டார்கள். ராசிபுரம் சந்தைக்குக் காய்கறி கொண்டுபோய் விற்கிறவர்கள் சத்தத்துக்குப் பயந்தால் பிழைக்க முடியுமா?

நான் அதற்கு முன்னால் பல வருஷம் ரிக் வண்டி ஓட்டியவன். போர் போடுகிற வண்டியோடு ஆந்திரா, மகாராஷ்டிரா, ராஜஸ்தான் என்று சுற்றினேன். எத்தனை ஆழம் போனாலும் தண்ணீருக்குப் பதில் வெள்ளைத் தூசி மட்டுமே கிளம்பிய இடங்களையும், அதைப் பார்த்துக்கொண்டு நின்ற விவசாயச் சம்சாரிகளையும் நிறையப் பார்த்தாகிவிட்டது. அப்படி நிற்கிற ஆளிடம் என்ன சொல்வதென்று எனக்குக் கடைசிவரை தெரியவில்லை. முதுகு சொன்னபடி கேட்காமல் போனதும் ஊருக்குத் திரும்பி, கையிலிருந்ததைப் போட்டு இந்தச் சின்ன வண்டியை வாங்கினேன்.

டிரைவருக்குக் கண்ணும் கையும் காலும்தான் வேலை செய்யும். காது சும்மா இருக்கும். என் வண்டியில் கேபினுக்குப் பின்னால் இருக்கிற கண்ணாடி என்றைக்கோ உடைந்துபோனது, நான் மாற்றவில்லை. பின்னால் கூடைகளுக்கு நடுவில் உட்கார்ந்து நாலு பேர் பேசுவது முழுக்க எனக்குக் கேட்கும். கேபினில் நாங்கள் பேசுவது அவர்களுக்கும் கேட்கும். ஐந்தாவது ஆள் என் பக்கத்து சீட்டில் உட்காருவார். முட்டிவலி என்பதால் அந்த இடத்தை அவருக்கே விட்டுவிட்டார்கள். நான் அவரை அக்கா என்று கூப்பிடுவேன். ஒல்லியான உடம்பு, ஐம்பதைத் தொட்ட வயது. பேச்சு குறைவு. பேசினாலும் பாதியில் நிறுத்திவிட்டு, மீதியை நீயே முடித்துக்கொள் என்பதுபோல ரோட்டைப் பார்ப்பார். இந்தக் கதையே அவரை மெச்சுவதற்குத்தான் சொல்கிறேன், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பக்கத்துச் சம்சாரிகளுக்கு ஒரு வியாதி உண்டு. காடு என்று நாங்கள் சொல்வது விளைநிலத்தை, பக்கத்துக் காட்டுக்காரன் விதை வெங்காயம் வாங்கினால் நமக்கும் கை அரிக்கும். போன சந்தையில் எது நல்ல விலைக்குப் போனதோ அதையே ஊர் மொத்தமும் ஊன்றும். அதுவும் ஒரே வாரத்தில். கேட்டால் "ஆடிப்பட்டம் தேடி விதை" என்பார்கள். பழமொழியில் தப்பில்லை. ஆடியில் மழை ஈரம் இருந்த காலத்தில் சொன்னது. இப்போதெல்லாம் ஆடியில் காற்றுதான் வருகிறது. மழை தனக்குத் தோன்றியபோது வருகிறது, வந்தால் ஒரு வாரத்தில் மொத்தத்தையும் கொட்டிவிட்டுப் போகிறது. ஆனாலும் ஆடி பிறந்தால் எங்கள் ஊர்க்காரர்களுக்குக் கை நிற்காது.

அப்படித்தான் அடுத்தடுத்து இரண்டு வருஷம் அடி வாங்கினார்கள். முதல் வருஷம் எல்லோர் காட்டிலும் சின்ன வெங்காயம் அமோகமாக விளைந்தது. எல்லாம் ஒரே வாரத்தில் சந்தைக்கு வந்ததில் பறித்த கூலிக்குக்கூட விலை கட்டவில்லை. ரோட்டோரம் கொட்டினார்கள். அடுத்த வருஷம் வெங்காயம் பிடுங்குகிற நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. பிடுங்கினது பட்டறையில் அழுகியது, பிடுங்காதது மண்ணுக்குள் அழுகியது. ஓலை வேய்ந்து, காற்றோட்டமாக மேடை கட்டி வெங்காயத்தைச் சேர்த்து வைக்கிற இடத்தைத்தான் பட்டறை என்போம். அந்தப் பக்கம் வண்டியை ஓட்டிப் போனால் மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டியிருந்தது.

மழை விட்ட பிறகு வந்த சந்தைக்கு ஐந்து பேரும் ஆளுக்குக் கொஞ்சம் முருங்கைக்காயோடு வந்தார்கள். ஐந்து தராசு, ஐந்து சாக்கு, ஐந்து இடத்திலும் அதே முருங்கைக்காய். வாடிக்கையாக வாங்குகிற மெஸ்காரர் வந்து பார்த்துவிட்டு, வெளியூர் லாரியில் வந்த வெங்காயத்தின் பக்கம் போனார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது, மத்தியானம் சாம்பார் வைத்தாக வேண்டும். சந்தைக்கு ஞாபகசக்தி கம்மி. நாலு வாரம் வெறுங்கையோடு உட்கார்ந்தால் நம் முகத்தையே மறந்துவிடும்.

அன்று திரும்பி வரும்போதுதான் அக்கா தன் வீட்டு விஷயத்தைச் சொன்னார். அவர் வீட்டுக்காரர் நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டுகிற பட்டறையில் வேலை செய்கிறவர். நல்ல மனுஷர், குடி கிடையாது. மாசமானால் சம்பளம் வாங்குகிற ஆளுக்கு, வருஷமெல்லாம் போட்டு ஒரு மழையில் இழக்கிற கணக்கு பிடிபடுமா? கோழிப்பண்ணை வைக்க இடம் தேடுகிற ஆள் ஒருவர் அவரிடம் வந்திருக்கிறார். காட்டை நீண்டகாலக் குத்தகைக்குக் கேட்கிறார். ஷெட் போட்டுவிட்டால் பிறகு அது காடு இல்லை, சிமெண்டுத் தரைதான்.

"தை பொறந்தா வழி பொறக்கும்னு சொல்றாரு. அவரு சொல்ற வழி அதுதானுங்க தம்பி," என்றார் அக்கா. "கலியாணமாகி வந்தப்ப அந்தக் காட்டுல கல்லுத்தான் கெடந்துது. ஒவ்வொண்ணாப் பொறுக்கி வரப்புக் கட்டுனேன். இன்னும் ஒரே ஒரு பட்டம் குடுங்கன்னு கேட்டிருக்கேன்."

"என்ன சொன்னாருங்க?"

"சரின்னு சொல்லிப்போட்டாரு. கடைசிப் பட்டமாம். அதுவும் கையைக் கடிச்சா..."

மீதியை வழக்கம்போல ரோட்டிடம் விட்டுவிட்டார். பின்னால் நாலு பேரும் பேச்சை நிறுத்தியிருந்தார்கள். உடைந்த கண்ணாடி வழியாக எல்லாம் கேட்டிருக்கும்.

அதற்கப்புறம் பங்குனி, சித்திரை எல்லாம் வெயில் எரித்தது. ஆடிக்கு இன்னும் கொஞ்ச நாள் இருக்கும்போது ஒரு சந்தை நாளில், வியாபாரம் முடிந்து டீக்கடையில் நின்றோம். அக்கா டீயைக் குடித்து முடித்துவிட்டு மற்ற நாலு பேரையும் பார்த்துக் கேட்டார்.

"ஏனுங்க, களை வெட்ட மாத்தாள் போறோம். கடலை பறிக்க மாத்தாள் போறோம். விக்கறதுக்கு மட்டும் ஏன் தனித்தனியாப் போறோம்?"

மாத்தாள் என்பது எங்கள் பக்கம் புதிதில்லை. இன்றைக்கு என் காட்டு வேலைக்கு நீ வா, நாளைக்கு உன் காட்டுக்கு நான் வருகிறேன் என்பது. கூலி கிடையாது, கடன் கிடையாது, ஆளுக்கு ஆள். அதைக் காட்டிலிருந்து சந்தைக்குக் கொண்டுவரலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை, அக்காவுக்குத் தோன்றியது.

அவர் சொன்னது இவ்வளவுதான். ஐந்து பேரும் ஒரே வெள்ளாமை வைக்கக் கூடாது, ஒரே வாரத்தில் விதைக்கவும் கூடாது. ஒருத்தர் ஆடியில் வெங்காயம் ஊன்றட்டும், இன்னொருத்தர் புரட்டாசிக் கடைசியில் ஊன்றட்டும். ஒருத்தர் கொத்தவரையும் தட்டைப்பயிறும், ஒருத்தர் கீரை வகைகள். ஒருத்தர் சோளம். விளைந்து வருவது எதுவானாலும் சந்தையில் ஒரே தராசில் விற்பது. வருகிற காசு ஒரே டப்பாவில் விழும். டப்பாவில் விழுந்தது ஐந்து பங்கு. வெள்ளாமை இன்னும் வராதவருக்கும் பங்கு உண்டு, வெள்ளாமை அழிந்தவருக்கும் பங்கு உண்டு.

"சோளம் எதுக்குங்க?" என்று கேட்டவள் மேட்டுக்காட்டுக்காரி. ஐவரில் வயது குறைந்தவள், வாய் பெரியவள். அம்மிணி என்றால் சந்தையில் எல்லோருக்கும் தெரியும். "அதையெல்லாம் இப்ப யாரு வாங்கறாங்க?"

"மழை பேயாம மானம் கண்ணை மூடிக்கிட்டாலும் நிக்கறதுக்கு ஒண்ணு வேணுமில்லீங்க அம்மிணி."

"மானம் கண்ணைத் தொறந்து கொட்டிப்போட்டா?"

"அப்பவும் அதுதான் நிக்கும்."

நான் டீக்கடை பெஞ்சிலிருந்து சிரித்தேன். "அஞ்சு பொம்பளைங்க, ஒரு டப்பா! ஒரு வாரம் தாங்குமா?" என்றேன். அம்மிணி என் பக்கம் திரும்பி, "உங்க வண்டி ஹாரன் தாங்குற வரைக்கும் தாங்குமுங்க. அதுவே எப்ப நிக்கும்னு தெரியல," என்றாள். டீக்கடைக்காரர் சிரித்ததில் பாலைக் கொதித்து வழிய விட்டுவிட்டார்.

யாருக்கு எது என்பதில்தான் முட்டிக்கொண்டது. ஆடி வெங்காயத்தை விட யாருக்கும் மனசில்லை. சோளத்தை எடுக்கவும் யாருக்கும் மனசில்லை. கடைசியில் திருவுளச் சீட்டு போடுவது என்று முடிவானது. டீக்கடைக் காலண்டரில் கிழித்த தாளில் நான்தான் எழுதிக் கொடுத்தேன். சாமியைக் கும்பிட்டு ஆளுக்கொன்று எடுத்தார்கள். அம்மிணிக்குப் புரட்டாசி வெங்காயம் வந்தது. எல்லோரும் எடுத்த பிறகு மிச்சம் கிடந்த சீட்டை அக்கா எடுத்தார். பிரிக்க வேண்டிய அவசியமே இல்லை. மற்ற நாலும் தெரிந்துவிட்டதால் அது சோளம் என்று எல்லோருக்கும் தெரியும்.

வீட்டில் கடைசிப் பட்டம் என்று தவணை வாங்கி வைத்திருக்கிற மனுஷிக்குச் சோளம்! ஆடி வெங்காயம் எடுத்த பெண் தன் சீட்டை நீட்டிவிட்டார். "நீங்க இதை வெச்சுக்குங்கக்கா. எங்க ஊட்டுல யாரும் காட்டைக் கேக்கல. சோளத்தை நான் வெக்கறேன்."

அக்கா அந்தக் கையை மெதுவாகத் தள்ளினார். "வேண்டாஞ் சாமி. இன்னைக்கு எனக்காக மாத்துனா நாளைக்கு ஆளாளுக்கு ஒரு காரணம் வரும். அப்பறம் அது சீட்டு இல்ல."

சோளச் செய்தி வீட்டுக்குப் போய், வீட்டுக்காரர் இரண்டு நாள் பேசாமல் இருந்தார் என்று பின்னால் தெரிந்தது. மூன்றாம் நாள், "சோளத்தட்டைத் திங்க மாடு வேணும், மாட்டுக்கு நான் எங்க போவேன்," என்று மட்டும் சொன்னாராம். அது கோபமா கிண்டலா என்று அக்காவுக்கே பிடிபடவில்லை.

ஆடி வெறும் காற்றாகப் போனது. ஆவணியில் வெயில் சித்திரையைத் தோற்கடித்தது. கிணற்றில் இருந்ததைப் பங்கு போட்டு ஆடி வெங்காயத்தைக் காப்பாற்றினார்கள். அந்தப் பெண்ணின் காட்டுக்கு மற்ற நாலு பேரும் மாத்தாள் போய்க் களை எடுத்தார்கள். கீரைக்காரம்மா நிழலுக்குத் தென்னங்கீற்றைப் பரப்பி அதற்கடியில் பாத்தி போட்டு வாராவாரம் சிறுகட்டுகளாவது கொண்டுவந்தார். கொத்தவரை அந்த வெயிலுக்கு அசையவே இல்லை. முதல் சில சந்தைகளில் அவர்களுடைய தராசில் ரொம்பக் கொஞ்சம்தான் இருந்தது. ஆனால் ஒன்று கவனித்தேன். ஐந்து இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக இருந்தால் ஏழ்மையாகத் தெரிவது, ஒரே இடத்தில் சேர்த்து வைத்தால் கடையாகத் தெரிகிறது. ஆட்கள் நின்றார்கள்.

புரட்டாசியில் அக்கா சோளம் விதைத்தார். அம்மிணி மேட்டுக்காட்டுச் செம்மண்ணில் வெங்காயம் ஊன்றினாள். ஐப்பசியில் மழை வந்தது.

எப்படி வந்தது என்று சொல்லி நீட்ட வேண்டாம். வாரம் முழுக்க விடவில்லை. ஆடி வெங்காயம் பிடுங்குகிற பதத்தில் இருந்தது. பாதி கைக்கு வந்திருக்கும், மீதி மண்ணோடு போய்விட்டது. ஊரில் எல்லோருக்கும் அதே கதை. போன வருஷத்து நாற்றம் மறுபடியும் வந்தது. அம்மிணியின் காடு மேடு என்பதால் தண்ணீர் நிற்காமல் ஓடியது. அப்படியும் அவள் குடையைப் பிடித்துக்கொண்டு நாலு நாள் மடையைத் திருப்பிக்கொண்டு நின்றாளாம். அக்காவின் சோளம் மழையில் தலையை ஆட்டிக்கொண்டு நின்றது.

அடுத்த சந்தைக்கு ஆடி வெங்காயக்காரி வெறும் கூடையோடு வந்து வண்டியில் ஏறினார். அழுது முகம் வீங்கியிருந்தது. "எனக்கு ஒண்ணுமில்ல, எதுக்கு வாரேன்னு தெரியல," என்றார். சந்தையில் சாக்கை விரித்ததும் அக்கா அவர் தோளைப் பிடித்துத் தராசுக்கு முன்னால் உட்கார வைத்தார். "இன்னைக்கு நீங்க நிறுங்க." அவ்வளவுதான் ஆறுதல். அந்தப் பெண் அன்று முழுக்கக் கீரைக்கட்டை எண்ணியும் கொத்தவரையை நிறுத்தும் கொடுத்துக்கொண்டே இருந்தார். மத்தியானம் டப்பாவிலிருந்து தன் பங்கு கைக்கு வந்தபோது முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். நான் வண்டி டயரைப் பார்க்கிற சாக்கில் அந்தப் பக்கம் போய்விட்டேன்.

அந்த வருஷம் சந்தையில் பாதிச் சாக்குகள் காலியாகக் கிடந்தன. இவர்கள் சாக்கு மட்டும் ஒரு வாரம்கூடக் காலியாக இல்லை. கீரை போனால் தட்டைக்காய் வந்தது. மெஸ்காரர் திரும்பி வந்தார். நெய் வியாபாரம் செய்கிற ஒரு அம்மாள் வாராவாரம் வந்து, "உங்ககிட்ட வந்தா ஏதாச்சும் இருக்கும்," என்று சொல்லி உட்கார்ந்து பேசிவிட்டுப் போவார். தெரு பூரா விலை எகிறியபோதும் இவர்கள் வாடிக்கைக்காரருக்கு ஏற்றிச் சொல்லவில்லை. அவர்கள் நாளைக்கும் வேண்டும் என்பது அக்காவின் கணக்கு.

மார்கழியில் அம்மிணியின் வெங்காயம் பிடுங்கினார்கள். ஊரில் வெங்காயமே இல்லாத நேரம். தங்கம் மாதிரி விலை. அன்று காலையில் நாங்கள் மூட்டைகளோடு கிளம்பி மெயின் ரோட்டுக்கு வந்ததும் ஒரு வியாபாரி வண்டியை மறித்தார். மொத்தத்தையும் அங்கேயே, அப்போதே எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். அவர் சொன்ன விலையைக் கேட்டு நானே ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டேன். அம்மிணிக்கு வயசுக்கு வந்த மூத்த மகளின் சீர்ச் செலவு வேறு அந்த மாசத்தில் இருந்தது.

அவள் மூட்டை மேல் உட்கார்ந்தபடியே அவரைப் பார்த்தாள். "தராசு அஞ்சு பேர்த்துதுங்க. சந்தைக்கு வந்து வாங்கிக்குங்க."

"வெங்காயம் உங்களுதுதான அம்மிணி?"

"வெங்காயம் என்னுதுதானுங்க. மழைக்காலத்துல நான் தின்ன சோறு அவங்களுது."

வண்டியை எடுக்கச் சொன்னாள். எடுத்தேன். ராசிபுரம் போகும்வரை அவள் தன்னையே திட்டிக்கொண்டு வந்தாள். "எனக்குக் கிறுக்குத்தான் புடிச்சிருக்குது. கெரகம் புடிச்ச சீட்டு. யாராச்சும் இப்படிப் பண்ணுவாங்களா? இந்த அக்கா பேச்சைக் கேட்டு..." அக்கா முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார், திரும்பவில்லை. ஆனால் சந்தையில் இறங்கியதும் முதல் மூட்டையைத் தராசுக்குப் பக்கத்தில் பிரித்துக் கொட்டியதே அம்மிணிதான். எத்தனையோ பெரிய மனுஷர்களுக்கு வண்டி ஓட்டியிருக்கிறேன். என் வண்டியில் ஏறியவர்களில் அவ்வளவு பெரிய மனுஷி யாரும் இல்லை.

பொங்கலுக்கு முந்தின சந்தை. அக்காவின் சோளத்தில் பாதி அறுத்தாகிவிட்டது. இரண்டு மூட்டைச் சோளமும், வண்டி மேல் கட்டிய சோளத்தட்டும், கூடவே வெங்காயம், கொத்தவரை, கீரை எல்லாமும் அன்று ஏற்றிப் போனோம். வாங்க வந்தவர்கள் தட்டை இறக்கவே விடவில்லை. மழையில் கடலைக்கொடி எல்லாம் அழுகிப்போயிருந்தது. மாடு வைத்திருக்கிறவர்களுக்குத் தீனி இல்லை. நெய்க்கார அம்மாள் வண்டியைத் தொட்டுக்கொண்டே நின்றார். "இது பூரா எனக்கு. இனி அறுக்கறதும் எனக்கே சொல்லிப்போடுங்க."

அந்தக் கூட்டத்துக்கு நடுவில்தான் அக்காவின் வீட்டுக்காரர் வந்தார். கூடவே வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர், கோழிப்பண்ணைக்கு இடம் கேட்டவர். தை பிறக்கப் போகிறது, பேசி முடித்துவிடலாம் என்று இருவரும் ஒரே பைக்கில் வந்திருக்கிறார்கள். வீட்டுக்காரர் அதற்கு முன் இந்தச் சந்தைக்கு வந்து நான் பார்த்ததில்லை. தராசுக்குப் பின்னால் நின்று வியாபாரத்தைப் பார்த்தார். அக்கா அவரைப் பார்த்துவிட்டார், ஆனால் கையிலிருந்த வியாபாரத்தை முடித்தபிறகே நிமிர்ந்தார்.

"ஏனுங்க, இங்கயே வந்துட்டீங்க?"

"சோளம் இப்பத்தான அறுத்துது," என்றார் அவர், சம்பந்தமில்லாமல். "ஐப்பசியில இருந்து ஊட்டுச் செலவுக்கு நீ எங்கிட்டக் கையே நீட்டல. எங்கிருந்து வந்துது?"

"இதுல இருந்துதானுங்க," என்று அக்கா தராசைக் காட்டினார்.

வெள்ளைச் சட்டைக்காரர் தொண்டையைச் செருமினார். பாவம், அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. வீட்டுக்காரர் அவரைப் பார்த்தார், பிறகு அக்காவைப் பார்த்தார். "அவரு வந்திருக்காரு. என்ன சொல்ற?"

ஒரு சொல் கெஞ்சுவார் என்று எதிர்பார்த்தேன். நானாக இருந்தால் காலில் விழுந்திருப்பேன். அக்கா சேலையில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"காடு உங்களுதுங்க. நீங்க குடுக்கலாம். ஆனா அதுல வெளையறதுல அஞ்சு பங்கு இருக்குது. இவங்க நாலு பேர்த்தையும் ஒரு வார்த்தை கேட்டுப்போட்டுக் குடுங்க."

சந்தைக்கு நடுவில், அத்தனை பேர் பார்க்க, அந்த மனுஷர் நாலு பெண்களின் பக்கம் திரும்ப வேண்டியதாகிவிட்டது. மூன்று பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள். அம்மிணி குனியவில்லை.

"குடுக்கறதுன்னா குடுங்கண்ணா. வேண்டாம்னு சொல்ல நாங்க யாரு? ஆனா மழை பேஞ்சப்ப எங்க ஆடி வெங்காயம் போச்சு. அக்கா சோளம்தான் நின்னுது. அடுத்த வருசம் எது போகும், எது நிக்கும்னு எங்களுக்குத் தெரியாது. உங்க காடு போனா அஞ்சுல ஒரு காலு போச்சு. அதுக்கு என்ன பண்றதுன்னும் சொல்லிப்போட்டுக் குடுங்க."

அதற்குள் நெய்க்கார அம்மாள், "தட்டு எப்பங்க அடுத்த நடை வரும்?" என்று அவரையே கேட்டுவிட்டார், அவர்தான் காட்டுக்காரர் என்று நினைத்து. "பொங்கல் கழிச்சுங்க," என்றார். சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே தெரிந்தது போலிருந்தது. வெள்ளைச் சட்டைக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டு டீக்கடைப் பக்கம் கூட்டிப் போனார். என்ன பேசினார்களோ, டீ குடித்துவிட்டு அந்த மனுஷர் பஸ் ஏறப் போய்விட்டார். இவர் திரும்பி வந்து, சட்டைக் கையை மடித்துவிட்டு, மிச்சமிருந்த தட்டுக் கட்டுகளை வண்டியிலிருந்து இறக்க ஆரம்பித்தார். லாரி பட்டறை உடம்பு, தூக்குவதற்குக் கேட்க வேண்டுமா!

திரும்பும்போது அவர் பைக்கில் முன்னால் போய்விட்டார். பின்னால் நாலு பேரும் வெடித்துச் சிரித்துப் பேசிக்கொண்டு வந்தார்கள். அக்கா வழக்கம்போல என் பக்கத்தில். எனக்கு அவர்மேல் மதிப்பு பொங்கிக்கொண்டு வந்தது. "சும்மா சொல்லக் கூடாதுங்கக்கா. கொஞ்சங்கூடப் பயப்படாம நின்னீங்களே," என்றேன்.

அவர் நேரே ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். புதுச்சத்திரம் தாண்டி எங்கள் ஊர்ப் பாதையில் திரும்பினேன். பின்னாலிருக்கிறவர்களுக்குக் கேட்காத மாதிரி குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார்.

"போன வாரம் நானே அவரு ஊட்டுக்குப் போயிருந்தேனுங்க தம்பி, அந்தப் பண்ணைக்காரரு ஊட்டுக்கு. ஷெட்டு போட்டா முட்டை பொறுக்கற வேலைய எனக்கே குடுங்கன்னு கேட்டுப்போட்டு வந்தேன். எங்க காட்டுக்குள்ளயே இருக்கலாமில்லீங்க."